செயப்பாட்டு இல்லம்

உலகத்தின் சூடு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது என்று பெரிய பெரிய நாடுகள் மாநாடு கூட்டிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில், அதைத் தணிப்பதற்கான முதல் உருப்படியான நடவடிக்கை கிள்ளானில், எங்கள் வீட்டுப் பக்கவாட்டு நிலத்தில், பதினாறு அடி நீளத்திலும் பத்தடி அகலத்திலும் எடுக்கப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். 'பணிவுடன்' என்பது வழக்கத்துக்காக. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கமலநாதனுக்கு, அதாவது எனக்கு, அந்தச் சொல் இல்லாமல் பேனா ஓடாது.

என் கண் திறந்தது கோலாலம்பூரில். ஒரு பெரிய ஹோட்டலில் 'மின்சாரச் சிக்கனமும் நாளைய உலகமும்' என்று ஒருநாள் கருத்தரங்கு. மண்டபத்தில் ஏர்கோன் போட்டிருந்த வேகத்தில், எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மேசை விரிப்பை உருவித் தோளில் போர்த்திக்கொண்டார். ஏர்கோன் மனித குலத்தின் எதிரி என்று பேச்சாளர் விளக்க, நாங்கள் இருநூறு பேரும் நடுங்கிக்கொண்டே ஒப்புக்கொண்டோம். இயந்திரமே இல்லாமல், கட்டிய விதத்தாலேயே குளிர்ச்சியாக இருக்கும் கட்டடத்துக்கு 'பாசிவ் ஹவுஸ்' என்று பெயர் என்றார் அவர். நான் குறித்துக்கொண்டேன். விரல் விறைத்திருந்ததால் எழுத்து சற்றுக் கோணல்.

அதே வாரத்தில் வீட்டிலும் ஒரு சிறு சம்பவம். என் மனைவி உஷாராணி பிளவுஸ் தைப்பவள். பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே அவளுடைய மெஷினும் இஸ்திரி மேசையும் இருக்கின்றன. அன்று மதியம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே மயங்கி விழுந்துவிட்டாள். கருகல் வாசனை பிடித்துப் பக்கத்து வீட்டு ஹலீமா ஓடிவந்து எழுப்பினார். நான் ஹாலில் கருத்தரங்குக் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கிளினிக்கிலிருந்து வந்தவளிடம் அக்கறையோடு கேட்டேன்.

"இனிமே சூட்டுல உக்காரக் கூடாதாம். குளிர்ச்சியா ஒரு இடம் பாருங்க, இல்லாட்டி தையலை விட்டுடுங்கன்னுட்டாரு."

"விட்டுடலாமே. உனக்கும் ஓய்வுதானே?"

உஷா கையில் கட்டுப் போட்டிருந்த இடத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஓய்வு எப்படி இருக்கும்னு தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். எனக்கு வேணாம். நாலு சுவரு, ஒரு சன்னல், ஒரு காத்தாடி, ஒரு பிளக். அவ்வளவுதான் கேக்கறேன். தீபாவளிக்கு நாப்பது பிளவுஸ் ஒத்துக்கிட்டிருக்கேன்."

தீபாவளிக்கு எட்டு மாதங்கள் இருந்தன. சாதாரண மனிதனாக இருந்தால் உடனே கட்டட வேலைக்காரரைக் கூப்பிட்டிருப்பான். நான் குழு அமைத்தேன்.

'ஆற்றல் சிக்கனக் குடில் அமைப்புக் குழு'வின் தலைவர், எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் தம்புசாமி சார். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். தொழில்நுட்ப ஆலோசகர், உஷாவின் அண்ணன் திருச்செல்வம். பூச்சோங்கில் ஏர்கோன் சர்வீஸ் செய்பவர். ஏர்கோனை ஒழிக்கும் குழுவில் அவர் எப்படி என்று சிலர் கேட்கலாம். எதிர்க்கட்சி இல்லாத சபை சபையல்ல. செயலாளர் நான். உஷா சேர்க்கப்படவில்லை. பயனாளர் ஒருவர் குழுவில் இருப்பது நடுநிலைமைக்குப் பாதகம்.

முதல் கூட்டம் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. பாசிவ் ஹவுஸ் தத்துவத்தை நான் விளக்கி முடித்ததும் திருச்செல்வம், "எதுக்கு மச்சான் இவ்வளவு? ஒண்ணரை ஹார்ஸ்பவர் ஒண்ணு மாட்டுனா முடிஞ்சது லா" என்றார். 'கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். அடுத்த பதினேழு கூட்டங்களிலும் அவர் அதையே சொன்னார். பதினேழு முறையும் குறித்துக்கொள்ளப்பட்டது.

தம்புசாமி சார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "பெயர் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கில இலக்கணத்தில் பாசிவ் வாய்ஸ் என்பதற்குத் தமிழில் என்ன? செயப்பாட்டு வினை. ஆகவே இது செயப்பாட்டு இல்லம்."

தேநீர் கொண்டுவந்த உஷா நின்று கேட்டாள். "அப்படின்னா என்ன அர்த்தம் சார்?"

"அது தானாக எழுந்து ஒரு வேலையும் செய்யாதம்மா. ஆனால் அதற்கு வேண்டியதெல்லாம் நடந்துகொண்டே இருக்கும்."

"அந்த மாதிரி இந்த வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு, என் முன்னால் இருந்த காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"நல்ல கிரகிப்புச் சக்தி" என்று சார் பாராட்டினார்.

பெயருக்கு ஏற்ப, கூட்டக் குறிப்புகளையும் செயப்பாட்டு வினையிலேயே எழுதுவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். தேநீர் வழங்கப்பட்டது. வடை சுடப்பட்டது. இரண்டாம் முறையும் சுடப்பட்டது. தட்டுகள் கழுவப்பட்டன. "இதில் உள்ள அழகைப் பாருங்கள், கமலநாதன்" என்றார் சார். "எல்லாம் நடந்துவிடுகிறது. யார் செய்தார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை."

திட்டமிடுவதற்கு முன் கள ஆய்வு வேண்டும். அரசாங்கத்தில் இதற்கு 'லாவாத்தான் சம்பில் பெலாஜார்' என்பார்கள். சுற்றிப் பார்த்துக்கொண்டே படிப்பது. படிப்பது கட்டாயமில்லை. குளிர்ச்சியைப் பற்றிப் படிக்க சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடிக்குப் போய் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மிகவும் குளிர்ச்சியாக இருந்தது. புகை எப்படி வெளியேறுகிறது, காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்று அறிய காஜாங் போய், குச்சியில் இறைச்சியைக் கோத்துச் சுட்டுத் தரும் ஒரு சாத்தே கடையில் ஆராய்ந்தோம். அறுபது குச்சிகள் முடியும்வரை புகை எங்கள் பக்கமே வந்துகொண்டிருந்ததால், ஆய்வு முடிவு தெளிவில்லை என்று மீண்டும் ஒரு முறை போனோம்.

திரும்பி வந்தபோது உஷா பின்கட்டில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

"ரூம் எந்த மட்டுல இருக்கு?" என்றாள்.

"ஆய்வுக் கட்டத்தில்."

"துண்டு காஞ்சிருச்சு. போற வழியில கொஞ்சம் நனைச்சிக் குடுங்க."

போகிற வழியில் தொலைபேசி வந்துவிட்டது. ஆனால் துண்டு நனைக்கப்பட்டது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது இடத் தேர்வு. நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும், மேற்குப் பக்கம் சன்னலே கூடாது, அதுதான் கோட்பாடு. திருச்செல்வம் கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, மூன்று முறை சுற்றி வந்து, வடக்கைக் கண்டுபிடித்தார். அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டோம். சார் தேங்காய் உடைத்தார்.

மறுநாள் கட்டட வேலைக்காரர் நூர் முகமது வந்தார். குறைவாகப் பேசுகிற மனிதர். கோட்டைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த உஷாவைப் பார்த்தார்.

"அக்கா, இந்த எடத்துல வெயில் எப்படி?"

"இங்கதான் தம்பி துணி சீக்கிரம் காயும். மூணு மணி வெயில் நேரா இங்கதான் அடிக்கும். அந்தப் பக்கம் ஆறடி தள்ளுனா ரெண்டு மணிக்கெல்லாம் ஹலீமா வீட்டு மாடி நிழல் வந்துரும். ஈரத்துணி போட்டா ரெண்டு நாளானாலும் காயாது."

"வடக்கு எது அக்கா?"

உஷா துணிக் கவ்வியாலேயே காட்டினாள். அது எங்கள் வடக்குக்குச் செங்குத்தாக இருந்தது. திருச்செல்வத்தின் கைத்தொலைபேசி உறையில் காந்தப் பூட்டு இருந்ததும், திசைகாட்டி பூமியை விட்டுவிட்டு உறையையே வணங்கிக்கொண்டிருந்ததும் பிறகுதான் தெரியவந்தது. குடில் ஆறடி தள்ளி, கால்வட்டம் திருப்பி அமைக்கப்பட்டது. 'சிறு திருத்தம் செய்யப்பட்டது' என்று குறித்தேன். நகராண்மைக் கழகத்தின் அனுமதியும் பெறப்பட்டது. லைனிங் துணி வாங்கப் போன வழியில் உஷா வரிசையில் நின்று விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் கொடுத்திருந்தாள். செயப்பாட்டு வினையில் அதெல்லாம் வராது.

குடில் எழுந்தது. அதைக் குறை சொல்ல யாராலும் முடியாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சிமெண்ட் கால்கள். மரச்சட்டத்தின் இரு பக்கமும் பலகை அடித்து, நடுவில் நான்கு அங்குலத்துக்கு ராக்வூல் என்ற பஞ்சு மெத்தை. இரட்டைக் கூரை, இடையில் காற்று போக வழி, அதன் கீழே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளித் தாள். நான்கடிக்கு நீட்டிய இறவாரம். இரட்டைக் கண்ணாடிச் சன்னல். கதவு மூடினால் ரப்பர் பட்டை ஒரு பெருமூச்சு விட்டு அடங்கும்.

நூர் முகமது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பாஸ், பிளான்ல பிளக் எங்க?"

"நூர், மின்சாரமே தேவைப்படாத இல்லத்துக்குப் பிளக் எதற்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். "சரி பாஸ்" என்றார்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது வேலை முடிந்தது. வெளியே முப்பத்துநான்கு டிகிரி. உள்ளே இருபத்தெட்டு. உஷா வாசற்படியில் நின்று ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "மெஷினைக் கொண்டுவரட்டுமா?"

இங்கேதான் பொதுவாழ்வில் உள்ளவனின் மனஉறுதி சோதிக்கப்படுகிறது. உள்ளே உண்டாகும் வெப்பத்தைப் பற்றி நான் கையேட்டிலிருந்து வாசித்தேன். இஸ்திரிப் பெட்டி ஆயிரத்து இருநூறு வாட். தையல் மெஷின் நூறு. மின்விளக்கு பத்து. மனித உடல், சும்மா இருந்தாலே, நூறு.

"ஆகவே இஸ்திரிப் பெட்டியை விலக்குகிறோம்" என்றார் சார்.

"மெஷினையும்" என்றேன் நான்.

"அப்ப நானும் நூறு வாட்டுதானே?" என்றாள் உஷா.

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. "அதுவும் கவனத்தில் கொள்ளப்படும்" என்றேன்.

"அப்படின்னா நான் தகரத்துக்குக் கீழயே உக்காந்து, உள்ள குளிரா இருக்கறத சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே தைக்கட்டுமா?"

"தற்காலிகமாகத்தான்" என்று சார் ஆறுதல் சொன்னார். "சோதனை ஓட்டம் முடியட்டும் அம்மா."

சோதனை ஓட்டத்தைக் குழுவே பொறுப்பேற்று நடத்தியது. தினமும் பகல் ஒன்றரைக்கு நாங்கள் மூவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். மூன்று பேர் முந்நூறு வாட். ஆனால் அது பணி நிமித்தம். இரண்டு மணி வாக்கில் குழு ஆழ்ந்த சிந்தனையில் ஈடுபடும். சாரின் சிந்தனைக்கு மட்டும் சற்றுச் சத்தம் அதிகம். நாலரைக்குத் தேநீர் வழங்கப்படும். திருச்செல்வம்கூட ஒண்ணரை ஹார்ஸ்பவர் பேச்சை விட்டுவிட்டார். "மச்சான், என் கடையிலகூட இப்படித் தூக்கம் வந்ததில்ல" என்றார்.

பின்கட்டில் உஷா நாற்பதில் பன்னிரண்டை முடித்திருந்தாள். ஒருநாள் மீண்டும் தலை சுற்றியது. இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அன்று சாயங்காலம், "பதினெட்டு பேருக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த நாள் தேநீரில் சர்க்கரை இல்லை. 'சர்க்கரை நீக்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வழங்கும் ஓர் அமைப்பிலிருந்து, நான் முன்பே அனுப்பியிருந்த விண்ணப்பத்தின் பேரில், சல்மா என்ற இளம் பொறியியலாளர் வந்தார். கையில் வெப்பமானிகள், பாரங்கள். குழு வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றது. கடைசித் தவணையைப் பற்றிப் பேச வந்திருந்த நூர் முகமதுவும் ஓர் ஓரத்தில் நின்றார்.

"மின்சாரச் செலவு?" என்றார் சல்மா.

"பூஜ்யம்" என்றேன்.

"உள்ள யாரு வேலை செய்யறாங்க?"

"யாரும் இல்லை. அதுதான் இதன் சிறப்பு."

"ஆளே இல்லாத வீடு மின்சாரத்த மிச்சம் பிடிக்கிறதுல என்ன சார் இருக்கு?"

தம்புசாமி சார் குறுக்கிட்டார். "ஆளில்லாமல் இல்லை. குழு இருக்கிறது. தினமும் மூன்று மணி நேரம்."

"குழு என்ன செய்யுது சார்?"

"மேற்பார்வை."

சல்மா பாரத்தைப் புரட்டினார். "அதுக்கு இதுல கட்டம் இல்ல. நகராண்மைக் கழக அனுமதியில 'பிலிக் ஜாஹிட்'னு போட்டிருக்கு. தையல் அறைதானே? தையல்காரர் உள்ள உக்காந்து, ரெண்டு மணி நேரம் வழக்கம்போல வேலை செஞ்சாத்தான் நான் அளக்க முடியும். இல்லாட்டி சான்றிதழ் கிடையாது."

"நான் வேண்டுமானால் உள்ளே உட்கார்ந்து ஊசி நூலை..." என்று சார் ஆரம்பித்தார்.

உஷா அதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டாள். மெஷின் ஒரு கையில், இஸ்திரிப் பெட்டி மறு கையில். நூர் முகமது மேசையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. நிம்மதியும் வந்தது.

"உஷா, உள்ளே பிளக் இல்லை."

நூர் முகமது சன்னலுக்குக் கீழே ஒரு சிறு பலகையை நகர்த்தினார். வெள்ளை வெளேரென்று இரண்டு பிளக்குகள். கூரையில் காத்தாடிக்குக் கொக்கி. மெஷின் வைக்கும் உயரத்தில், இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி சன்னல்.

"இது பிளானில் இல்லையே" என்றேன்.

"பிளான்ல இல்ல பாஸ். சுவத்துல இருக்கு."

"யாரைக் கேட்டு வைத்தீர்கள்?"

"டீ குடுக்கறப்ப அக்கா சொன்னாங்க. பிளக், சன்னல் உயரம், கூரைக்கு நடுவுல காத்துப் போற வழி. எல்லாம் டீ நேரத்துலதான் பாஸ். நீங்க மீட்டிங்ல இருந்தீங்க."

உஷா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். ரப்பர் பட்டை பெருமூச்சு விட்டது.

இரண்டரை மணியிலிருந்து நாலரை மணிவரை வெளியே முப்பத்துநான்கு டிகிரி வெயிலில் குழு நின்றது. சார் விசிறிக்கொள்ளக் கூட்டக் குறிப்புக் கோப்பைப் பயன்படுத்தினார். பதினெட்டுக் கூட்டங்களின் குறிப்பு. நல்ல கனம், நல்ல காற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உஷா தைத்தாள், வெட்டினாள், இஸ்திரி போட்டாள். ஈரத் துண்டு இல்லாமல் அவளைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் பார்க்க முயன்றேன்.

"இருபத்தொன்பது" என்றார் சல்மா, அளவைப் பார்த்து. "இஸ்திரிப் பெட்டி, மெஷின், ஆள் எல்லாம் சேத்து. அருமையாக் கட்டியிருக்கீங்க. சான்றிதழ் வந்துரும் சார்."

நான் கதவைத் தட்டினேன். "உஷா, சோதனை முடிந்துவிட்டது. வரலாம்."

கைப்பிடியைத் திருப்பினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தாழ்ப்பாளும் பிளானில் இல்லை. நூர் முகமது வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்புசாமி சார் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது. நானூறு மாணவர்களை ஒரே அதட்டலில் அமைதியாக்கிய குரலில், "அம்மா உஷாராணி" என்றார். அடுத்த தெருவில் ஒரு நாய் எழுந்து உட்கார்ந்தது. உள்ளே அசைவில்லை. திருச்செல்வம் சன்னலை விரலால் தட்டி, கோப்பையைத் தூக்கிக் குடிப்பதுபோல் சைகை செய்தார். உஷா நிமிர்ந்து பார்த்தாள். உதடுகளுக்கிடையே குண்டூசிகள். அவற்றோடேயே புன்னகைத்து, ஒரு கையை உயர்த்தி ஆட்டிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு கட்டம் பாக்கி சார்" என்றார் சல்மா. "வெளியில இருந்து வர்ற சத்தம். நீங்க மூணு பேரும் இவ்வளவு கூப்பிட்டும் ஆன்டிக்கு ஒண்ணுமே கேக்கல. 'மிகச் சிறப்பு'ன்னு போடறேன். எதனாலன்னு காரணம் எழுதணும்."

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "நான்கு அங்குல ராக்வூல். இரட்டைக் கண்ணாடி. காற்றுப் புகாத கதவு."

அவர் எழுதிக்கொண்டார். செயலாளர் என்ற முறையில் அதோடு ஒன்றைச் சேர்க்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பாரத்தில் இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன். உஷா பின்கட்டிலிருந்து கூப்பிட்டது, ஹாலில் இருந்த எனக்கு இருபத்தாறு ஆண்டுகளாகக் கேட்டதில்லை. நடுவில் இருந்தது ஒரு துணித் திரை. அதுவும் அவள் தைத்தது.